புள்ளிக்குப் பிறகு இருந்தது

மன்னாரிலிருந்து பேசாலை போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இருந்த பெண், மடியில் பழையதும் புதியதுமாக இரண்டு ஜீபிஎஸ் கருவிகளை வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்தவன் அவற்றைத் திருத்துகிறவன்.

“என்ர பிள்ளை கடலில போன இடத்தை மெசின் வெட்டிப்போட்டுது எண்டுறீரோ?”

“முழுக்க இல்லை அக்கா. பழசு இடத்தைப் பாகை, நிமிசம், நிமிசத்துக்குப் பிறகு புள்ளி எண்டு வச்சிருந்தது. புதுசின்ர சிப்புக்குப் புள்ளி விளங்காது, முழு எண்ணா மாத்தித்தான் எடுக்கும். புள்ளிக்குப் பிறகு இருந்ததை விட்டிட்டுது.”

“பழசில திரும்பப் பாருமன்.”

“அது மாத்தினதோட செத்திட்டுது.”

“சண்டைக்குள்ள இராமேஸ்வரத்துக்கு ஓடேக்க எங்கட வள்ளம் பிரண்ட இடம், தம்பி. எங்களைத் தூக்கின போட்காரர் பதிஞ்சு வச்சிருந்து, நாங்கள் அங்கத்தை அகதி முகாமை விட்டு வரேக்க மெசினையே தந்தவர். அவ்விடத்தில பூப் போடத்தான் கொண்டு வந்தனான்.”

“ஒரு மைலுக்குள்ளதான் பிசகும் அக்கா.”

“கடலில ஒரு மைல்.”

பேருந்து தோட்டவெளியைத் தாண்டியது.

“வெட்டுப்பட்டது உதுக்குள்ள எங்கையாவது கிடக்காதோ?”

“எங்கையும் கிடக்காது. இனித் தேடாதேங்கோ அக்கா.”

“பிள்ளையைத் தேடேக்கையும் இதைத்தான் சொன்னவங்கள்.”