கொய்யாத் தோலில் இறால்

ஜெலாப்பாங்கிலிருந்து ஈப்போ டவுனுக்குப் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்தார். பழ பேக்டரிச் சட்டை போட்டிருந்த இளையவள், மழை வருகிறது என்பதைப் போலச் சொன்னாள்:

“அக்கா, அந்தக் கொய்யால இறால் இருக்கு.”

“புரட்டாசி மாசத்துல என்னா பேச்சு பேசுறே?”

“எங்க பேக்டரி பழம் லா. சீக்கிரம் வாடக்கூடாதுன்னு மேல ஒண்ணு பூசுறோம். ஹுத்தான் மெலிந்தாங்லேருந்து வர்ற இறால் ஓட்டுல செஞ்சது.”

மூத்தவர் மெல்லுவதை நிறுத்தினார்.

“வெரதம் ஆரம்பிச்சதிலேருந்து தெனம் இதத்தான்டி திங்கிறேன். எங்க வீட்டுக்காரரு இறால் போட்ட மீ நூடுல்ஸ் தின்னுட்டாருன்னு மூணு நாளா அவருகிட்ட பேசவே இல்ல.”

“வீட்டுக்குப் போயி பேசிருங்கக்கா.”

அவர் கொய்யாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் இறங்க வேண்டிய இடம் வந்தது, நான் எழவில்லை.

“பூசுனது மேல மட்டுந்தானே? தோல சீவிட்டா சைவந்தான்.”

“உங்க வீட்டு அண்ணனும் இறால் ஓட்ட உரிச்சிட்டுத்தான்க்கா தின்னுருப்பாரு.”