மூன்றிலிருந்து ஐந்து தள்ளி

— இல்ல, முதல்ல உக்காரு அக்கா. கை கழுவுறது அப்புறம் இருக்கட்டும்.

— இப்பதான்டி டியூஷன் முடிச்சு உள்ள நுழையறேன். மூச்சு விட விடு. அப்பா மாத்திரை போட்டாரா?

— போட்டுட்டுத் தூங்கறாரு. நீ மறந்துட்டுப் போன சாவியைக் குடுக்க டியூஷன் சென்டருக்கு வந்தேன். நீ பாடம் நடத்திட்டிருந்த. குடுக்காமலே திரும்பிட்டேன்.

— கூப்பிட்டிருக்கலாமே.

— எக்ஸ் மைனஸ் மூணு, ரெண்டு பக்கமும் நட்டுவச்ச கோடு, ஈக்குவல் டு அஞ்சு. விடை எட்டுன்னு போர்டுல எழுதின. அதுக்குக் கீழயே மைனஸ் ரெண்டும் எழுதின. ரெண்டும் இல்லைன்னா மார்க் கிடையாதுன்னு அதட்டின.

— ம்... மாடுலஸ் கணக்கு.

— எனக்கு மட்டும் ஏன் எட்டு போதும்னு சொல்லித்தந்த?

— இங்க பாரு, உன் வேலைப் பரீட்சைக்கு அப்ப நாளே இல்ல. சுருக்கமா சொல்லிட்டேன்.

— சும்மா பூசி மெழுகாத. மூணுலேர்ந்து அஞ்சு தள்ளி நிக்கணும்னா வலப்பக்கமும் போலாம், இடப்பக்கமும் போலாமேன்னு நான் கேட்டேன். இதே மேஜைல உக்காந்து கேட்டேன். நீ என்ன சொன்ன?

— ஞாபகமில்ல.

— "குழப்பிக்காத, கோட்டை எடுத்துட்டுப் போடு, வந்ததுதான் விடை." ஒரே ஒரு மார்க்ல போச்சுக்கா அந்த வேலை.

— அந்த வேலை எங்கடி இருக்கு? ஒரு ராத்திரி பூரா ரயில்ல போகணும். நீ பாட்டுக்குப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிடுவ. அப்பாவைப் புரட்டிப் படுக்கவைக்கவே ரெண்டு ஆள் வேணும். நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்?

— அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே.

— சொன்னா தங்கியிருப்ப. காலம் பூரா என்னைக் கரிச்சுக் கொட்டியிருப்ப. நீயா தோத்துட்டா யார் மேலயும் பழி வராதுன்னு நெனச்சேன்.

— என்னை நானே மக்குன்னு திட்டிக்கிட்டு அழுதேனே. பக்கத்துல உக்காந்து தலையைத் தடவிவிட்டியே அக்கா. எப்படி மனசு வந்துச்சு உனக்கு?

— தப்புதான். அடுத்த தடவை எழுது, ஒழுங்கா சொல்லித்தரேன். ரெண்டாவது விடை உனக்கு வராத ஒண்ணு இல்ல.

— வந்துச்சுக்கா. பரீட்சைல மைனஸ் ரெண்டும் எழுதினேன். போட்டுப் பார்த்தேன், சரியா இருந்துச்சு. அப்புறம், என் அக்கா எனக்குத் தப்பா சொல்லித்தருவாளான்னு நானே அதை அடிச்சுட்டேன்.