மடவளையில் இறங்கிய மாப்பிள்ளை

"ஹலோ... ஹலோ சேர்... நான் ஹபீல்... ஓ, ஓ, உசிரோடதான் ஈக்கிறேன்... ஓ சேர், கீழதான்... எனக்கு ரெண்டு காலும் ஈக்கி, பிளேனுக்கு மூணு சில்லும் ஈக்கி... அல்ஹம்துலில்லாஹ்... எங்கயா?... அது வந்து..."

ஹபீல் விமானத்தின் இறக்கைக்குக் கீழே குனிந்து நின்றபடி, எந்த ஊரின் பெயரைச் சொல்லலாம் என்று யோசித்தான். மறுமுனையில் இருந்தவர் கேப்டன் இராமகிருஷ்ணன். இரத்மலானையில் அவனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுப்பவர். மடவளையைச் சேர்ந்த ஹபீலுக்குக் கட்டுகஸ்தோட்டையில் கோப்பித்தூள் மில் ஒன்று உண்டு. தலைமுடி நரைக்கத் தொடங்கிய பிறகு தனியார் விமானி உரிமத்தின் மேல் ஆசை வந்து, சோதனைக்கு முந்திய கட்டம் வரை வந்துவிட்டான். இன்று அவன் சின்னப் பயிற்சி விமானத்தில் தன்னந்தனியே சீகிரியாவுக்குப் போய்த் திரும்ப வேண்டும். திரும்பியிருந்தால் அடுத்த கிழமை இறுதிச் சோதனை.

"மடவளை சேர்... இல்ல, சீகிரியாவில மடவளை இல்ல... கண்டி மடவளை... எங்கட மடவளை... ஓ... ஓ... குருநாகல் பக்கத்தாலதான் போகச் சென்னீங்க... காத்து சேர். காத்துதான் தள்ளிக்கொண்டு வந்திச்சி... ஆ?... ஓ, இண்டைக்கிக் காத்தே இல்லதான்."

அவன் வியர்வையைத் துடைத்தான். கண்டிப் பக்கம் அவனைத் தள்ளிக்கொண்டு வந்தது காற்றல்ல, கலியாணம். மனைவி மஸீனாவின் சாச்சா, அவளுடைய வாப்பாவின் தம்பி முஹ்ஸின் ஹாஜியாரின் மகளுக்கு இன்று நிக்காஹ். கொழும்புக்குக் கோப்பித்தூள் கொண்டுபோகிறேன், வர முடியாது என்று மஸீனாவிடம் சொல்லிவிட்டுத்தான் விடியவே புறப்பட்டிருந்தான். ஒன்றரை வருடமாக ஒவ்வொரு பாடத்துக்கும் அந்தக் கோப்பித்தூள்தான் அவனுக்குக் கை கொடுத்தது. ஆனால் மேலே ஏறியதும், கலியாண வீட்டை ஒரு தடவை வானத்திலிருந்து பார்த்தால் என்ன என்று மனசு அரிக்கத் தொடங்கிவிட்டது.

"ஒரு சுத்துதான் சேர்... சரி, ரெண்டு சுத்து... பந்தல் வடிவா தெரிஞ்சிச்சி... அதுக்குப் பொறகு மேகத்துக்குக் கிட்டப் போனேனா, எஞ்சின் இருமத் தொடங்கிட்டு... ஓ, இழுத்தேன் சேர்! காபுரேட்டருக்குச் சூடு குடுக்கிற கம்பிய இழுத்தேன்... இழுத்ததும் இன்னம் கூட இருமிச்சி... பயந்து திரும்பவும் உள்ள தள்ளிட்டேன்... ஹலோ?... சேர்?... லைன்ல ஈக்கிறீங்களா?"

கேப்டன் லைனில்தான் இருந்தார். ஈரக் குளிரில் காபுரேட்டருக்குள் பனிக்கட்டி பிடிக்கும், சூடு கொடுத்தால் உருகும், உருகும்போது எஞ்சின் சற்று இருமும், அந்த இருமலுக்குப் பயப்படக் கூடாது என்று அவர் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருந்தார். இப்போது மறுபடியும் முதலிலிருந்து சொன்னார், வேறு தொனியில். ஹபீல் கைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டான்.

"ஓ சேர்... ஓ சேர்... மாடுதான் சேர், நான் மாடுதான்... எஞ்சின் நிண்ட பொறகு நீங்க சென்ன மாதிரியே மூக்கக் கீழ வச்சிக்கொண்டு, வெட்டின வயலாப் பாத்து எறக்கினேன்... வயல்ல ஓடி, அப்பிடியே பந்தல் போட்ட மைதானத்துக்குள்ள வந்து நிண்டிச்சி... ஒத்தருக்கும் காயமில்ல... இது றபான் மேளச் சத்தம் சேர்... றபான் தட்டுறாங்க... எனக்குத்தான்... சாச்சா, மாலையப் போடாதீங்க! நான் மாப்பிள்ள இல்ல!... உங்களுக்கில்ல சேர், உங்களுக்கில்ல..."

மாப்பிள்ளையின் கார்கள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்து நெரிசலில் சிக்கிக் கிடந்தன. வழி பார்த்துக் களைத்துப்போன சனம், வானத்திலிருந்து ஒரு விமானம் பந்தலை நோக்கி இறங்கி வந்ததும் மாப்பிள்ளைதான் என்று நினைத்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரான அக்குறணைச் சம்பந்திகளுக்குக் காசு அதிகம் என்று ஏற்கெனவே ஒரு கதை இருந்தது. கறுப்புக் கண்ணாடியும் ஹெட்போனுமாக இறங்கியவனின் கழுத்தில், கண்பார்வை மங்கிய முஹ்ஸின் ஹாஜியார் மாலையைப் போட்டுவிட்டார். போட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தார்.

"ஓ சாச்சா... நான் ஹபீல்... ஓ, கொழும்புக்குத்தான் போனேன், போற வழியில... இல்ல சாச்சா, திங்க ஏலா, முக்கியமான கோல் ஒண்டு... சேர், சாச்சா எல்லாரோடயும் சேந்து திங்கச் சஹன்ல ஒக்காரச் செல்றாரு... ஓ, பிளேனுக்குப் பக்கத்திலயே நிக்கிறேன், ஒத்தரயும் தொட உடல்ல... ஏய்! செறகில தொங்காதீங்க! அது உடுப்புக் காயப்போடுற கம்பியா?... ஓ சேர், பொலிசுக்குச் சென்னாங்க, வாராங்களாம்... பிளேன லொறியிலயா?... செறகைக் கழட்டியா கொண்டு போவீங்க?... சேர்... அப்ப என்ட லைசன்ஸ்?..."

அந்த நேரம் பார்த்து றபான் சத்தம் நின்றுபோயிற்று. பந்தலின் பெண்கள் பக்கத்திலிருந்து, ஊதாச் சேலையின் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மஸீனா மைதானத்தைக் குறுக்கே வெட்டி வந்துகொண்டிருந்தாள். கூட்டம் தானாகவே விலகி வழிவிட்டது.

"சேர்... சேர், இப்பதான் உண்மையான எமர்ஜென்சி... என்ட பொஞ்சாதி வாரா... அவக்குத் தெரியா சேர்... ஒண்டும் தெரியா... இல்ல, இதுக்கு நீங்க ஒண்டும் படிப்பிச்சித் தரல்ல... மஸீனா, இரி... கொஞ்சம் இரி, நான் செல்றேன்..."

மஸீனா விமானத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். ஹபீல் கைபேசியை அதில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றான். இனி அவனுக்கும் இந்த உரையாடலில் பாதிதான் கேட்கும்.

"ஹலோ... ஓ, மஸீனாதான்... ம்... ம்... எத்தின மாசமா?... ஓ, கோப்பித்தூள்தான்... உங்களுக்கும் தந்தாரா?... நல்ல தூளா?... ம்... எங்களுக்கு அந்தத் தூள் தாரதில்ல..."

ஹபீல் அவளுடைய முகத்திலிருந்து கேப்டனின் வார்த்தைகளைப் படிக்க முயன்றான். முடியவில்லை.

"நல்லா எறக்கினாரா?... யாரு, இவரா?... சேர், இவருக்குக் கார் நிப்பாட்டவே தெரியா, எங்கட ஊட்டுக் கேட்டைக் கேளுங்க... ஆ?... எஞ்சின் இல்லாமயா?... சும்மா மெதந்து வந்தா?... ஓ, ஒத்தருக்கும் ஒண்டும் ஆகல்லதான்... பந்தல் கயிறு ஒண்டு அறுந்திருக்கு... ம்..."

அவளுடைய குரல் தணிந்தது. ஒரு தடவை திரும்பி, வயலில் சில்லுகள் இழுத்திருந்த நீளமான கோட்டைப் பார்த்தாள். அது பந்தலை நோக்கி வந்து, பிறகு வளைந்து விலகியிருந்தது.

"அப்ப சோதனய முழுசா வெட்டல்ல... தள்ளித்தான் போடுறீங்க... விசாரிச்சி முடிய... ஓ, ஏச வேண்டியதெல்லாம் நீங்க ஏசிக்கொள்ளுங்க, மிச்சத்த நான் ஊட்ட போய்ப் பாத்துக்கொள்றேன்... அனுப்புறேன் சேர், பாடத்துக்கு அனுப்புறேன்... ஆனா இனி எனக்கிட்ட செல்லிட்டுத்தான் பறக்கணும்..."

மைதானத்து வாசலில் ஹோர்ன் சத்தம் கேட்டது. பூச்சோடித்த கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நின்றன.

"வெக்கிறேன் சேர், மாப்பிள்ள வந்துட்டாரு... ஓ, இப்பதான்... இல்ல, ஒத்தரும் அவரப் பாக்கல்ல, பாவம். எல்லாரும் இவரத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறாங்க..."

மஸீனா கைபேசியை வாய்க்கு இன்னும் கிட்டக் கொண்டுபோய், ஹபீலுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள். ஆனால் அவனுக்குக் கேட்டது.

"நானும்தான்."

லைன் துண்டிக்கப்பட்டது.