சின்னவளின் வயிறு

மலச்சிக்கல் மருந்து என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துத்தான் முதலில் வாங்கினேன், டாக்டர். சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைப்பவைதானே. ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் என்பது வாங்கிக் கொடுத்த பிறகுதான் தெரிந்தது.

என் தங்கைக்கு அப்போது நிஜமாகவே வயிறு இறுகிப் போயிருந்தது. நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் வேலை. தண்ணீர் குடி என்றால் எரிந்து விழுவாள். அம்மா போன பிறகு அவளை வளர்த்தது நான். அவளுக்காகக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டேன். நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்?

முதலில் இசப்கோல் உமித்தூள். கலக்கியவுடன் குடிக்காவிட்டால் பசையாகிவிடும். மற்றபடி சாதுவான பொருள். அடுத்தது சிரப். தித்திப்பாக இருக்கும், ஆனால் பலன் தெரிய ஒன்றிரண்டு நாளாகும், வயிறு வேறு உப்பும். மாத்திரைதான் சொன்ன பேச்சைக் கேட்டது. ராத்திரி போட்டால் விடிந்ததும் வேலையைக் காட்டிவிடும். “தொடர்ந்து குடுக்காதீங்கம்மா, உடம்புக்கு ஆகாது” என்றார் கடைக்காரர். நல்ல மனிதர். சிக்கல் தீர்ந்தது. மாத்திரை மீதி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர் வேலைக்கு எழுதிப் போட்டிருப்பதாகச் சொன்னாள். “நேர்ல வரச் சொல்லியிருக்காங்கக்கா. கெடச்சா அங்கேயே ரூம் எடுத்துத் தங்கிக்குவேன்.” எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் நான் யாருக்குச் சமைப்பேன், யாரிடம் வாய் திறப்பேன்? என்னிடம் தைக்க வருகிறவர்கள் துணியைக் கொடுத்துவிட்டு நின்ற காலோடு திரும்பிவிடுகிறார்கள். படுக்கும் முன் அவள் குடிக்கும் பாலில் மாத்திரையைப் பொடித்துப் போட்டேன்.

மறுநாள் பஸ் ஏற முடியவில்லை. கழிவறையே கதியென்று கிடந்தாள். உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்தேன், தலையைக் கோதிவிட்டேன். என் மடியில் சுருண்டு படுத்து, “நீ மட்டும் இல்லேன்னா நான் என்னக்கா ஆவேன்” என்றாள். அதைக் கேட்க எவ்வளவு ஏங்கியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

அடுத்த அழைப்பு வந்தபோதும் கொடுத்தேன். அவளுக்குப் பிடித்துப்போன பையன் வீட்டுக்கு வருவதாக இருந்தான், அன்றைக்கும் கொடுத்தேன். பிறகு காரணம் தேவைப்படவில்லை. சிரப்பின் தித்திப்பு காட்டிக்கொடுத்துவிடும், உமித்தூள் பாலில் கட்டி தட்டும். ஆசனவாயில் வைக்கும் மருந்தும் உண்டாம். அதை அவளுக்குத் தெரியாமல் கொடுக்க முடியாது. ஆகவே மாத்திரைதான்.

அவள் துரும்பாக இளைத்தாள். இருந்த வேலையும் போயிற்று. இப்போது ரத்தத்தில் உப்புச்சத்து இறங்கி இதயம் தடுமாறுகிறது, காரணம் பிடிபடவில்லை, நாளைக்கு வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும், உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்கிறீர்கள். கேட்டதிலிருந்து எனக்கு உயிரே இல்லை, டாக்டர். அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் சொல்லிவிடுகிறேன். அவள் வயிற்றில் ஒரு நோயும் கிடையாது. நான்தான் கொடுத்தேன். நேற்று உங்கள் வார்டில் வைத்துக் கொடுத்த பாலிலும் போட்டேன். கத்தி வைக்காதீர்கள், பிழைத்துக்கொள்வாள். அவளிடம் மட்டும் சொல்ல வேண்டாம், பாவம், தாங்கமாட்டாள். தேறியதும் என்னோடு அனுப்புங்கள், கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறேன். உடம்புக்குக் கெடுதல் இல்லாதது எது என்று நீங்களே சொல்லுங்கள், டாக்டர். இனி அதையே கொடுக்கிறேன்.