நான்காம் மாடிப் பாட்டில்

என் பெயர் ஒரெஸ்தே கரில்யோ, வயது 61, தகப்பனார் பெயர் பியெரோ கரில்யோ. துரின் நகர டிராம் பணிமனையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்று, ஆற்றங்கரைத் தெரு 18ஆம் எண் கட்டிடத்தின் மூன்றாம் மாடியில் மனைவி மிரெல்லாவுடன் குடியிருந்து வருகிறேன். எனக்கு நேர் மேலே நான்காம் மாடியில் குடியிருக்கும் லோரிஸ் பாவான் கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. யாருடைய தூண்டுதலும் இல்லாமல், குடிக்காத நிலையில், கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

கடந்த பத்தொன்பது வருடங்களாகச் சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு, இரவுச் சாப்பாட்டுக்கு முன், எங்கள் பால்கனியில் நண்பர்கள் கூடுவது வழக்கம். நான் நெக்ரோனி என்ற மதுக்கலவையைக் கலந்து கொடுப்பேன். ஜின் ஒரு பங்கு, சிவப்பு வெர்மூத் ஒயின் ஒரு பங்கு, சிவப்புக் கசப்பு லிக்கர் ஒரு பங்கு, ஐஸ், ஆரஞ்சுத் தோல் ஒரு சீவல், அவ்வளவுதான். மிரெல்லா ஆலிவ் காயும் சலாமி இறைச்சியும் வைப்பாள். பக்கத்துக் கட்டிடத்து துல்லியோவும் அவர் மனைவி பியெராவும் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

சென்ற செப்டம்பரில் மேற்படி லோரிஸ் நான்காம் மாடிக்குக் குடிவந்தார். உல்லாசக் கப்பலில் முப்பது வருடம் மது கலந்து கொடுக்கும் வேலை பார்த்தவர், மனைவியை இழந்தவர், தலையில் முழு முடி உள்ளவர். ஊருக்குப் போகும்போது பேசில் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி என்னிடம் ஒரு சாவி கொடுத்திருந்தார். அதன் பிறகு ஜனவரி மாதம் அவரும் சனிக்கிழமை ஏழு மணிக்கே ஆட்களை அழைக்கத் தொடங்கினார். வேறு கிழமையே அவருக்குக் கிடைக்கவில்லை. காலையிலேயே ஒரு பெரிய பாட்டிலில் நெக்ரோனி கலந்து, பச்சை வால்நட் காய் ஊறிய நோச்சினோ என்ற லிக்கரும் கொஞ்சம் விட்டு, ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார் என்று துல்லியோ என்னிடமே வந்து வர்ணித்தார்.

அதன் பிறகு துல்லியோவும் பியெராவும் ஒரு வாரம் மேலே, ஒரு வாரம் எங்கள் வீடு என்று இருந்து, ஈஸ்டருக்குப் பின் முழுக்க மேலேயே போய்விட்டார்கள். என் கதவைத் தாண்டும்போது மட்டும் மெதுவாக நடந்தார்கள். படியில் துல்லியோவை மறித்துக் கேட்டதற்கு, “கோச்சுக்காத ஒரெஸ்தே, உன் சரக்கு மெக்கானிக் கலந்த மாதிரியே இருக்குப்பா” என்று சிரித்தார்.

மே மாதம் முதல் மிரெல்லாவும் போகத் தொடங்கினாள். “நீயும் வாயேன், அவரு உன்னைக் கேட்டுக்கிட்டே இருக்காரு” என்றாள். நான் போகவில்லை. போகும்போது அவள் பச்சைக்கல் தோடு போட்டுக்கொண்டாள். அது எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு நான் வாங்கிக் கொடுத்தது. எங்கள் பால்கனிக்கு அவள் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை. மேலே ஐஸ் விழும் சத்தத்தையும் அவள் சிரிப்பையும் கேட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தேன். அவர்களுக்குள் தவறான உறவு இருந்ததா என்று காவல் அதிகாரி கேட்டார். இல்லை. இருந்திருந்தால் கோபப்பட எனக்கு ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

சம்பவ நாளான 14.06.2025 சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு லோரிஸ் சந்தைக்குப் போவதைப் பார்த்து, மேற்படி சாவியால் அவர் வீட்டைத் திறந்து உள்ளே சென்றேன். ஃபிரிட்ஜில் இருந்த பாட்டிலை எடுத்து, அதிலிருந்ததை முழுவதும் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, நான் கலந்து எடுத்துப்போன என் நெக்ரோனியை அதில் ஊற்றிப் பழையபடி வைத்தேன். விஷமோ மருந்தோ எதுவும் சேர்க்கவில்லை. என் சரக்கு மட்டம் என்று அவர்கள் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பிவிட்டிருந்தேன். ஒரு மாலையாவது அவர்கள் லோரிஸுக்கு எதிரே மூஞ்சியைச் சுளிக்க வேண்டும், மிரெல்லா சீக்கிரமாகக் கீழே இறங்கி வர வேண்டும் என்பதே என் நோக்கம். திரும்பும்போது பேசில் செடி வாடியிருந்ததால் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.

அதன் பிறகு மாலை ஏழு மணிக்கு என் பால்கனியில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். கோப்பைகள் மோதும் சத்தம் கேட்டது. அதன் பிறகு துல்லியோ, “அடேயப்பா லோரிஸ், இன்னிக்கு என்னய்யா பண்ணின?” என்றார். பியெரா இன்னொரு கோப்பை கேட்டாள். லோரிஸ், “எப்பவும் பண்றதுதான்” என்றார். முப்பது வருட நாக்குக்கு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். பாராட்டை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அதன் பிறகு மிரெல்லாவின் குரல் கேட்டது. “எங்க ஒரெஸ்தேயும் பத்தொன்பது வருஷமா கலக்குறான். ஒரு நாளாவது இப்படி வந்திருக்கா?” என்றாள்.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்த விஷயம் வெளியே வந்திருக்காது. ஆனால் என் மனைவி என் கையால் கலந்ததைக் குடித்துக்கொண்டே இன்னொருவரைப் புகழ்வதை என்னால் தாங்க முடியவில்லை. செருப்புகூடப் போடாமல் மாடியேறிப் போய், “அது என்னுது! நான் கலந்தது!” என்று கத்தி, சாவியைக் காட்டி, காலையில் செய்ததை எல்லோர் முன்னாலும் சொன்னேன். மிரெல்லா தன் கோப்பையிலிருந்து இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். அதன் பிறகு கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு, “அதானே பார்த்தேன், கசக்குது” என்றாள். லோரிஸ் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு காவல் நிலையத்துக்கு ஃபோன் செய்தார்.

இதுவரை எழுதப்பட்டது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பாட்டிலில் நான் ஊற்றியது ‘தரம் குறைந்த மது’ என்று எழுதியிருந்ததை அடித்து, ‘ஒரெஸ்தே கரில்யோ கலந்த நெக்ரோனி’ என்று திருத்தக் கேட்டுக்கொண்டேன், அதிகாரி திருத்தினார். மற்றவை நடந்தது நடந்தபடி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஒரெஸ்தே கரில்யோ
துரின், 16.06.2025