மேல் லாரல், கீழ் லாரல்

என் குரலைக் கேட்டால் அழுகிற பிள்ளைகூட அடங்கிவிடும் என்று எங்கள் கிழக்குக் கென்டக்கிப் பக்கம் பேச்சு. அவசர உதவித் தொலைபேசியில் உட்காருகிறவளுக்கு அதுதான் வேண்டும். அழைப்பவர் கத்தலாம், நான் கத்தக் கூடாது. பதிவுகளை எல்லாம் கேட்டுவிட்டுத்தானே என்னை இந்தப் போலீஸ் அறைக்கு அழைத்திருக்கிறீர்கள், நேப்பியர். எதிலாவது நான் குரலை உயர்த்தியிருக்கிறேனா?

யாரையும் நம்பாதே என்று கற்றுக்கொடுத்ததும் அந்த நாற்காலிதான். போதைமருந்து அளவு மீறி மூச்சு நின்றவனுக்காக அழைப்பவர்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். போலீஸும் கூடவே வந்துவிடும் என்ற பயம். வழுக்கி விழுந்தான் என்பார்கள், வலிப்பு என்பார்கள், நெஞ்சுவலி என்பார்கள். சுரங்கத்தில் முதுகு போனவர்களுக்கு டாக்டர்கள் வலி மாத்திரையை அள்ளிக் கொடுத்த காலத்தில் இந்தப் போதை ஆரம்பித்தது. மாத்திரை நின்றதும் ஹெராயின், அப்புறம் அதைவிடக் கொடிய ஃபெண்டனில். மாவட்டத்துக்கு இருப்பதோ இரண்டே ஆம்புலன்ஸ்.

என் கணவர் டென்சில் மார்பைப் பிடித்துக்கொண்டு அழைத்தபோது இரண்டுமே ஒரு டிரெய்லர் வீட்டு வாசலில் நின்றன. அங்கே ஜேரட் சைஸ்மோரும் அவன் கூட்டாளியும் ஊசி போட்டுக்கொண்டு கிடந்தார்கள். அனுப்பியவள் நான்தான்.

"வெர்னா, எப்ப வருவாங்க?" என்றார் டென்சில்.

"வந்துட்டே இருக்காங்க. கதவைத் திறந்து வைங்க."

வேலையில் நான் சொன்ன முதல் பொய் அது.

ஜேரட் பிழைத்துக்கொண்டான். டென்சிலின் அடக்கம் முடிந்த கையோடு அவனைப் பெட்ரோல் பங்கில் பார்த்தேன். எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கேள்விப்பட்டேன் வெர்னாக்கா. நல்ல மனுஷன்" என்றான். அவனுக்கு எதுவும் தெரியாது. நானும் சொல்லவில்லை.

எங்கள் மாவட்டத்தில் மேல் லாரல், கீழ் லாரல் என்று இரண்டு பள்ளத்தாக்குகள். நடுவில் மலை. ஒன்றில் நுழைந்துவிட்டால் மற்றதற்குச் சுற்றித்தான் வர வேண்டும். அடுத்த முறை ஜேரட் விழுந்தபோது அவன் அக்கா டெஸ்ஸா அழைத்தாள்.

"அக்கா, தம்பி மூச்சு விடல. உதடெல்லாம் நீலமாயிடுச்சு. மேல் லாரல், சர்ச்சுக்குப் பின்னாடி."

"என்ன போட்டுக்கிட்டான், கண்ணு?"

"ஒண்ணும் இல்ல. சும்மா நின்னுட்டிருந்தான், விழுந்துட்டான். சத்தியமா."

பொய். "பதறாதே, அனுப்பிட்டேன்" என்றேன். ஓட்டுநரிடம் கீழ் லாரல் என்றேன். வண்டி திரும்பி வரும்வரை மார்பை எப்படி அழுத்த வேண்டும் என்று அவளுக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுத்தேன். தம்பியின் அடக்கத்தில் என்னைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள்.

அதற்குப் பிறகு கஷ்டமாக இல்லை. சில சமயம் தெருப் பெயரைத் திரும்பக் கேட்பேன். சில சமயம் லைன் சரியில்லை என்பேன்.

சர்ச் விருந்தில் சுகாதாரத் துறை நர்ஸ் ஒருத்தி பேச்செடுத்தாள். "பக்கத்து மாவட்டத்துல சாவு விகிதம் இறங்குது. போதையில மூச்சு நின்னவனை எழுப்ப அவங்க மூக்குல அடிக்கிற அதே மருந்துதான் நம்ம வண்டியிலயும் இருக்கு. நமக்கு மட்டும் ஏன் ஏறுது?"

"சரக்குல என்னத்தைக் கலக்குறானுங்களோ" என்றேன், பீன்ஸ் பரிமாறியபடி.

டெஸ்ஸா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். "நான் மேல் லாரல்னுதான் சொன்னேன், வெர்னாக்கா."

"அழுதுகிட்டே சொன்னே, கண்ணு."

அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. உங்களிடம் வந்ததும் அவளாகத்தான் இருக்கும்.

கடைசியில் இமோஜின் அழைத்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஓர்வில் கோம்ஸின் மனைவி. "நெஞ்சுவலிங்கிறாரு. வேர்த்துக் கொட்டுது." அவர்கள் பேரன் போதை வழக்கில் சிறை போய்விட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

"யாருக்கு இமோஜின்? மறைக்காம சொல்லு."

"ஓர்வில்லுக்குத்தான். வேற யாருக்கு?"

நான் நம்பவில்லை. பேரனுக்காகப் பொய் சொல்கிறாள் என்று நினைத்து, வண்டியை மலைக்கு அந்தப் பக்கம் அனுப்பினேன். ஓர்வில்லின் ரத்தத்தில் எந்தப் போதைமருந்தும் இல்லை என்று பிரேதப் பரிசோதனைக்குப் பிறகு சொன்னார்கள்.

ஓர்வில் விஷயத்தில் எந்தத் தண்டனை என்றாலும் ஏற்றுக்கொள்கிறேன். இமோஜின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஜேரட்டில் ஆரம்பித்து அத்தனை பேரின் பெயரையும் ஏன் வாசிக்கிறீர்கள் என்றுதான் புரியவில்லை, நேப்பியர். நான் கொன்றது ஒருவரைத்தான்.