தொண்ணூற்றாறு என்று எழுதினேன்

வெறும் வயிற்றோடு ஒருவரைக் காக்க வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் பெட் ஸ்கேன் பிரிவில் பதினான்கு வருடமாக எனக்கு அதுதான் வேலை. ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வருபவர்களின் விரலில் குத்திச் சர்க்கரை அளவு பார்ப்பேன். பிறகு கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போடுவேன். புற்றுக்கட்டிக்குப் பசி அதிகம். அதை அள்ளித் தின்று படத்தில் பளிச்சென்று தெரியும். பழைய தழும்பு பெரும்பாலும் மங்கலாகவே கிடக்கும். ஆனால் வயிற்றில் சாப்பாடு இருந்தால் ஊசிச் சர்க்கரை தசைகளுக்குப் போய்விடும், கட்டியும் மங்கிவிடும்.

அக்காவின் நுரையீரலில் ஒரு புள்ளி என்றதும் வீடே கலங்கிவிட்டது. நான் படத்தைப் பார்த்திருக்கவில்லை. ஆனாலும் எல்லோர் முன்னாலும், "ஒண்ணும் இல்லக்கா, எப்பவோ வந்த சளியோட தழும்பு" என்றேன்.

அத்தான் சிரித்தார். "நம்ம அரை டாக்டரே சொல்லிட்டான். இனி முழு டாக்டர் எதுக்கு?"

அன்றுதான் அக்கா ஒழுங்காகச் சாப்பிட்டாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அவளுடைய சிடி ஸ்கேன் படத்தைப் பார்த்தேன். புள்ளியின் ஓரமெல்லாம் முள்முள்ளாக இருந்தது. தழும்பு இல்லை, புற்றுதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பயந்தேன். அவளை நினைத்துத்தான் பயந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் அன்று காத்திருக்கும் அறையில் அவளுக்கு இரண்டு பாட்டில் பழச்சாறும் ஒரு பன்னும் கொடுத்தேன்.

"சாப்பிடக் கூடாதுன்னு சீட்டுல போட்டிருக்கேடா?"

"அது மத்தவங்களுக்கு. நீ சாப்பிடு, நான் பாத்துக்கறேன்."

சாப்பிட்டாள். அரை மணி கழித்து ஊசி போட்டேன். விரலில் குத்தவேயில்லை. தாளில் சர்க்கரை தொண்ணூற்றாறு என்று எழுதினேன்.

படம் பார்த்த டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "தசையெல்லாம் இப்படித் தெரியுதே, ஏதாவது சாப்பிட்டாங்களா?"

"இல்ல டாக்டர். லிஃப்ட் வேலை செய்யல. நாலு மாடி ஏறி வந்தாங்க."

என்னை நம்பாமல் இருக்க அவருக்குக் காரணமில்லை. பழைய தழும்பாக இருக்கலாம், மூன்று மாதத்தில் மறுபடி சிடி எடுக்கவும் என்று அறிக்கை கொடுத்தார்.

அக்கா அந்தக் கடைசி வரியைக் காட்டிக் கேட்டாள். "அது எல்லாருக்கும் எழுதறதுதான், விடுக்கா" என்றேன். விட்டுவிட்டாள். அவள் இருமியபோது தூசி என்றேன். முதுகு வலிக்கிறது என்றபோது மெத்தையை மாற்றச் சொன்னேன். மெத்தையை மாற்றினார்கள்.

பத்து மாதம் கழித்து மறுபடி ஸ்கேனுக்கு வந்தாள். இந்த முறை நான் எதுவும் கொடுக்கவில்லை. திரையில் முதுகெலும்பு, கல்லீரல் எல்லாம் எரிந்தன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அழுதேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதலிலேயே வெட்டி எடுத்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று சர்ஜன் அத்தானிடம் சொன்னார். அவர் சொன்னது சரிதான்.

என் அக்காவைக் கொன்றது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் அறிக்கையையும் இந்த வாக்குமூலத்தோடு சேர்த்து வையுங்கள். நான் தழும்பு என்றுதான் சொன்னேன், அதிலும் அப்படித்தான் இருக்கிறது.